தீ நின்ற கோடு

ராட்டர்டாம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பழைய ஊர் எந்தப் பக்கம்டி?"

நாகப்பட்டினத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தார் அவர். நெதர்லாந்து என்றால் கால்வாய், காற்றாலை, ஓடு வேய்ந்த குட்டி வீடுகள் என்றுதான் மனதில் ஒரு படம் வைத்திருந்தார். எதிரே நின்றதோ வானத்தைத் தொடும் கண்ணாடிக் கட்டடங்கள்.

"இங்க பழைய ஊர் இல்லம்மா. ஒரே நாள்ல போயிடுச்சு" என்றாள் மகள்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பரம்பரை ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்று ஊரில் மகன் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பதில் சொல்லாமலேதான் அம்மா விமானம் ஏறியிருந்தார்.

1940 மே 14. ஜெர்மன் விமானங்கள் கால் மணி நேரம் குண்டு வீசின. அடுத்துப் பரவிய தீ, நகரின் நடுப்பகுதியை விழுங்கியது. எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். நான்கே நாளில் புது நகரத்துக்குத் திட்டம் போடும் வேலை தொடங்கிவிட்டது. இடிபாடுகளைக் கொட்டிக் கால்வாய்களைத் தூர்த்தார்கள். இன்று டிராம் ஓடும் 'பிளாக்' சாலை அப்படித் தூர்த்த இடம்தான்.

அந்தப் பக்கம்தான் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம். 1984-ல் கட்டி முடித்த மஞ்சள் கனசதுர வீடுகள், ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கும் பெட்டிகளைப் போல இருக்கின்றன. ஒரு வீட்டை மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். குறுகலான படியேறிப் போன அம்மா சுவரைத் தடவிப் பார்த்து, "எல்லாம் சாய்ஞ்சிருக்கே, பீரோவை எங்கடி வைப்பாங்க?" என்றார். எதிரே 2014-ல் திறந்த மார்க்கெட் ஹால். கூரை முழுக்க ராட்சதப் பழங்களும் காய்களுமாக ஓவியம். கீழே கடைகள், வளைவுக்குள்ளேயே குடியிருப்புகள்.

அம்மாவை நிறுத்தியது இவை எதுவும் இல்லை. நடைபாதைத் தரையில் பதித்திருந்த சிறு விளக்குகள். "தீ இதுவரைக்கும் வந்துதாம்மா. எரிஞ்ச பகுதியோட எல்லை" என்றாள் மகள். புது ஊரைக் கட்டியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும், எரிந்த இடம் எது என்பதை மறக்காமல் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

அருகிலேயே செயின்ட் லாரன்ஸ் தேவாலயம். குண்டுவீச்சில் சுவர்களும் கோபுரமும்தான் மிஞ்சின. இதையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் 1952-ல் தொடங்கி 1968 வரை பொறுமையாகச் சீரமைத்தார்கள். துறைமுகத்தை ஒட்டி, சாட்கின் என்ற சிற்பி 1953-ல் வைத்த வெண்கலச் சிலை இருக்கிறது. கைகளை வானுக்கு உயர்த்திக் கதறும் மனிதன். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அம்மா அதன் முன்னால் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

மறுநாள் சீஸுக்குப் பேர்போன கௌடா. அங்குள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தின் 16-ம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளை, போர் வரும் என்று தெரிந்ததும் கழற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் இன்றும் ஜொலிக்கின்றன.

அதற்கடுத்த நாள் டெல்ஃப்ட். ராட்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். கால்வாய், குட்டிப் பாலம், சாய்ந்த கோபுரம், ஓவியர் வெர்மீரின் கல்லறை... அம்மா தேடிய ஊர் இதுதான். நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த டச்சுக் கம்பெனிக்கு இந்த ஊரிலும் ஒரு கிளை இருந்தது என்றதும், "அப்போ நம்ம ஊருக்கு வந்தவங்கதானா!" என்று சொந்தக்காரர் வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பார்த்தியா, எதையும் இடிக்காம எப்படி வச்சிருக்காங்க!"

மகள் சிரித்தாள். டெல்ஃப்டும் 1536-ல் பெருந்தீயில் எரிந்த ஊர். 1654-ல் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஒரு பகுதியே தரைமட்டமானது. ஃபாப்ரிஷியஸ் என்ற பெரிய ஓவியர் அதில்தான் இறந்தார். சந்தைச் சதுக்கத்தில் கம்பீரமாக நிற்கும் நகர மன்றமும் 1618-ல் எரிந்ததுதான். மிஞ்சியது பழைய கல் கோபுரம் மட்டும். ஹென்ட்ரிக் தெ கெய்சர் என்ற கட்டடக் கலைஞர், அந்தக் கோபுரத்தை அப்படியே வைத்து, அதைச் சுற்றிப் புதிதாகக் கட்டினார்.

அம்மா எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் போனைக் கேட்டு வாங்கி ஊருக்கு வீடியோ கால் போட்டார்.

"தம்பி, வீட்டை இடிச்சுக் கட்டிக்க. ஆனா முன்பக்கத் திண்ணையும் ரெண்டு தூணும் அப்படியே இருக்கணும். அப்பா பேப்பர் படிச்ச இடம். அதுக்குப் பின்னாடி உன் இஷ்டம்."

மகன் தயங்கினான். "திண்ணையை விட்டா கார் நிறுத்த இடம் இருக்காதேம்மா..."

"கார் தெருவுல நிக்கட்டும்" என்று போனை வைத்தார் அம்மா.