பழைய பிழையும் புதிய பெயரும்

மக்கள் பேசும் மொழிகள் பல நூற்றாண்டுகளாகப் பலர் நாவிற் பயின்று உருப்பெறுவன. கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளுள் சில நாளிலேயே ஆக்கப்பட்டனவும் உண்டு. அத்தகையது ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார், 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில், பத்தே நாளில் அதன் முதல் வடிவை அமைத்தார். இன்று இணையப் பக்கங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை இயக்குவது அம்மொழியே.

விரைவிற் பிறந்த மொழியில் விந்தைகள் இருத்தல் வியப்பன்று. எழுத்தாக எழுதிய 5-உடன் எண்ணாகிய 2-ஐக் கூட்டினால், அம்மொழி 7 என்னாது; இரண்டையும் ஒட்டி 52 என்னும். கூட்டற்குறியே எழுத்துகளை இணைக்கும் குறியாகவும் அமைந்தமையே இதன் காரணம். அதே 5-லிருந்து 2-ஐக் கழித்தாலோ, 3 எனச் செவ்வையாக விடை தரும். இன்மையைக் குறிக்கும் 'நல்' என்பதன் இனம் யாதென வினவினால், 'பொருள்' என்று கூறும். முதல் வடிவில் பொருளினத்தின் அடையாளம் சுழியாக இருந்தது. இன்மையும் சுழிகளாலேயே குறிக்கப்பட்டது. அதனால் நேர்ந்த பிழை இது.

பிழையெனத் தெரிந்த பின்னும் திருத்தாது விடலாமோ? இவ்வினா நேரியதே. புதிதாகக் கற்போர் பலர் அவ்விடத்தில் இடறுகின்றனர். எனினும், அம்மொழிக்கு விதி வகுக்கும் 'டிசி39' என்னும் குழு, திருத்தம் வேண்டிய முன்மொழிவை ஏற்கவில்லை. முன்னரே எழுதப்பட்ட பக்கங்கள் பல அப்பிழையை நம்பியே இயங்குகின்றன. அவற்றுட் சிலவற்றைச் செப்பனிட இன்று ஆளும் இல்லை.

2018-ஆம் ஆண்டில் வேறொரு சிக்கல் எழுந்தது. பட்டியலுக்குள் அடங்கிய பட்டியல்களை விரித்து ஒன்றாக்கும் செயலுக்கு 'ஃபிளாட்டன்' எனப் பெயரிடக் கருதினர். மூடூல்ஸ் என்னும் பழைய நிரல் தொகுதி அப்பெயரை முன்னரே வழங்கியிருந்தது. புதிய செயலைச் சேர்த்துச் சோதித்தபோது, அத்தொகுதியை நம்பிய தளமொன்று பழுதுற்றது. 'ஸ்மூஷ்' என மாற்றலாம் என்று ஒருவர் விளையாட்டாகக் கூற, பெரும் விவாதம் மூண்டது. பழைய பக்கங்கள் சிலவற்றின் பொருட்டு நல்ல பெயரை இழப்பதா என்றனர் ஒரு சாரார். அப்பக்கங்களைப் படிப்போர் செய்த குற்றம் யாது என்றனர் மற்றொரு சாரார். முடிவில் 'ஃபிளாட்' என்னும் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டின் விதிநூலில் இடம்பெற்றது.

பெயரில் இழந்தது சிறிது, காத்தது பெரிது. பழம்பிழையைச் சுமத்தல் மொழிக்குப் பாரமே. ஆயினும், அப்பாரத்தை மொழி தாங்குவதால், முகமறியாத ஒருவர் என்றோ எழுதிவைத்த பக்கம் நாளையும் திறக்கும். புதியன படைப்போர், பழையதை நம்பியிருப்போரை மறத்தலாகாது.