தூண்டில் றீலும் பெருவிரலும்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவோமென்றே எதிர்பார்த்திருப்பர். நாமோ மீன்பிடி பற்றி எழுதத் துணிந்தோம். மச்சந் தீண்டாத சைவ வாத்தியாருக்கு இது தகுமோ என்று பழைய மாணவர் சிலர் நகைக்கவுங் கூடும். பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு எம் தமக்கையார் மகளின் திருமணத்தின் பொருட்டு அமெரிக்காவிலே கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகருக்குச் சென்றிருந்தோம். மணவீட்டிலே ஒருவர் எம்மை அணுகி, “சேர், என்னைத் தெரியுதோ?” என்று கேட்டார். தெரிந்தது. தெரிந்தமையாலேயே சிறிது கூசினோம்.

பயிற்சிக் கலாசாலையினின்றும் நாம் வெளிவந்த புதிதில் எமது வகுப்பிலே இருந்தவர் அவர். வெண்பாவைச் சீர் பிரிக்க அவருக்கு எவ்வாற்றானும் வரவில்லை. ஒருநாள் பொறுமையிழந்து, எழுதுகோல் உன் கைக்குப் பொருந்தாது, வேறு வேலை பார் என்று வகுப்பறிய மொழிந்தோம். பிள்ளைகள் சிரித்தனர், நாமுஞ் சிரித்தோம் என்றே நினைவு. அடுத்த தவணை அவர் பாடசாலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லையென்று நாம் விசாரிக்கவுமில்லை. இன்று அவர் அந்நாட்டுத் தொழிற்சாலையொன்றிலே இயந்திரந் திருத்துபவர். ஓய்வு நாள்களிலே தூண்டிற்காரர்.

அந்த வார இறுதியில் எம்மைக் ஹெரிங்டன் ஏரிக்கு அழைத்துச் சென்றார். டிக்ஸ் ஆற்றை மறித்து 1925ஆம் ஆண்டிலே கட்டி முடித்த அணையினால் உண்டான ஏரி அது. அங்கே பலரும் நாடி வருவது பாஸ் என்னும் நன்னீர் மீன். அதன் வாய் தலையளவு அகன்றது. விழுந்த மரங்களின் அடியிலும் நீர்ப்பூண்டுகளின் நிழலிலும் பதுங்கியிருந்து, போலி இரையைக் கண்டதும் பாயும். பிடித்த மீனைப் பெரும்பாலோர் மீண்டும் நீரிலே விட்டுவிடுகின்றனர் என்று அறிந்தபின்னரே நாம் படகில் ஏறினோம். முள் தைத்த வாயை எண்ணி உள்ளம் முற்றும் அமைதியுற்றதென்று சொல்ல மாட்டோம்.

படகுத்துறையில் நால்வர் கூடியிருந்தனர். எமக்கு எந்த றீல் உகந்தது என்று நண்பர் ஒரு வார்த்தை கேட்டாரோ இல்லையோ, சங்கப் பலகையே அங்கு வந்திறங்கிற்று. வட்ட வடிவான பழைய சுவீடன் நாட்டு றீலை வைத்திருந்த முதியவர், தானே கழற்றி எண்ணெயிட்டுப் பூட்டக்கூடியதே றீல் என்றார். இளைஞரொருவர் அதனை மறுத்து, உள்ளங்கையில் அடங்குந் தட்டையான புதிய வகையே வேண்டும் என்றார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை ஏழுமுறை சுழலவேண்டும். அப்போதுதான் மீன் படகை நோக்கி ஓடிவரும்போது தொய்ந்த நூலை விரைந்து இழுக்கலாமாம். ஐந்துமுறை சுழல்வதே போதும், ஆழத்திலே கனத்த இரையை இழுக்கும்போது கை சோராது என்றார் மூன்றாமவர். கைப்பிடி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதில் நால்வரும் ஏறக்குறையச் சண்டைக்கே வந்துவிட்டனர். எத்தனை பெயரிங் உண்டென்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்காதே என்பதொன்றிலேதான் ஒற்றுமை கண்டோம்.

கேட்கக் கேட்க எமக்கொன்று புலனாயிற்று. ஒவ்வொருவரும் றீலைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு தத்தம் கையைப் பற்றியே பேசினர். முதியவருக்கு விரல்களிலே வாதம். இளைஞருக்குப் பொறுமை சிறிது.

நண்பர் இவற்றுள் எதனையும் மறுக்கவில்லை. மிக மலிந்தது வேண்டாம், அது பழகுபவனை வெறுக்கச் செய்யும். விலையுயர்ந்ததும் இப்போது வேண்டாம். நூறு டொலர் அளவில் ஒன்று போதும் என்றார்.

இந்த றீலுக்கும் அம்மாநிலத்துக்கும் பழைய உறவுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, லெக்சிங்டனுக்கு அணித்தான பாரிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோர்ஜ் ஸ்னைடர் என்னும் மணிக்கூட்டுக் கம்மியர் இத்தகைய றீலைச் செய்தார். பின்னர் பிராங்போட் நகரத்து மீக் சகோதரர் அதனைச் செம்மையாக்கினர். அவர்களும் மணிக்கூட்டுத் தொழிலாளரே. முதியவர் கையிலிருந்த சுவீடன் றீலைச் செய்த நிறுவனமும் 1921இல் மணிக்கூட்டுத் தொழிற்சாலையாகத் தொடங்கியதாம். காலத்தை அளக்கும் பற்சில்லுகளே தூண்டில் நூலையும் அளக்க வந்தன என்பது எமக்கு வியப்பாயிருந்தது.

எறிதல்தான் இடர். ஏனைய வகை றீலில் உருளை அசையாதிருக்க நூல் மட்டும் கழன்றோடும். இதிலோ உருளையே சுழல்கின்றது. இரை காற்றிலே தளர்ந்தாலும் உருளை தளராது. மிஞ்சிய தங்கூசி பொங்கியெழுந்து பெருஞ்சிக்கலாகும். குருவிக்கூடு என்று அதற்குப் பெயர். காந்தத் தடையும் பிற தடைகளும் உள்ளே உண்டு. எனினும் முடிவான தடை எறிபவனின் பெருவிரலே. மரக்கட்டைகளுக்கு நடுவே குறிதவறாது எறியவும், தடித்த நூலாற் கொழுத்த மீனை இழுக்கவும் இதுவே வாய்ப்பானதென்பதால் இவ்வளவு இடரையும் பொறுக்கின்றனர்.

நாம் பதினொரு முறை எறிந்தோம். பதினொரு குருவிக்கூடு கண்டோம். ஒவ்வொரு முறையும் நண்பர் றீலை வாங்கித் தம் மடியில் வைத்து, நகத்தால் ஒவ்வோர் இழையாக அவிழ்த்தார். முகஞ் சுளிக்கவில்லை. ஒருமுறை அரைமணி நேரஞ் சென்றது.

“சேர், மாத்திரை பார்த்து விடுங்கோ,” என்றார். “கம்பு பின்னுக்குப் போகேக்கை நெடில். முன்னுக்கு வரேக்கை குறில். இரை தண்ணியிலே விழ முன்னம் பெருவிரலை ஒற்றெழுத்து மாதிரி மெல்ல வையுங்கோ, அரை மாத்திரை.”

நாம் கையிலிருந்த கம்பை மறந்து அவரையே பார்த்தோம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை: நாம் கற்பித்தவைதாம். அவற்றை அவர் கல்லாது போனார் என்றே இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தோம். அன்று வகுப்பிலே சொன்னதை எடுத்து, அது தவறென்று தட்டுத்தடுமாறிச் சொன்னோம். அவர் சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டிலே அப்ப காசில்லை சேர். அதாலேதான் நிண்டனான்,” என்றார். பின்னர், “ஆனா அந்தச் சொல்லும் ஞாபகம் இருக்கு. இப்ப எறியுங்கோ, காத்து விழுந்திட்டுது,” என்றார்.

பன்னிரண்டாவது எறி பத்து யார் தூரம் சிக்கலின்றிச் சென்றது. மீன் ஒன்றும் தொடவில்லை.

புறப்படும் நாளில் அந்தப் பழகிய றீலையே எமக்குத் தந்தார். அது இப்போது எம் மேசையில், விடைத்தாட்கட்டுகளுக்கு அருகே இருக்கின்றது. உருளையின் அடியிலே எம் சிக்கல் ஒன்று அவர் கைக்கு எட்டாது எஞ்சியுள்ளது. மாலை வேளைகளில் ஓர் ஊசிகொண்டு அதனை அவிழ்த்து வருகின்றோம்.