ஆள்காட்டி கற்பித்த பாடம்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தகாலை, எம் தாத்தா கையாண்ட பழைய காமிரா ஒன்று எம் கைக்கு வந்தது. அது 50 மி.மீ. வில்லை உடையது, சுருள் ஒன்றில் 36 படங்கள் எடுக்கவல்லது. கறுப்பு வெள்ளைச் சுருள்கள் இரண்டு வாங்கிக்கொண்டு, ‘இவ்வாண்டு மலரில் எம் படம் ஒன்று வருதல் வேண்டும்’ என்னும் ஆசையுடன் புறப்பட்டோம். அவ்வாசையால் யாம் கற்றதனையும் நாணியதனையும் ஈண்டு எழுதலுற்றோம்.

எமக்கு இவ்விருப்பத்தை ஊட்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்துப் புகழ்பெற்றவர். பத்மஸ்ரீ விருது எய்தியவர். அவர் எடுத்த யானைப் படங்களை நூல் நிலையத்திற் கண்டபொழுது, நிறம் இல்லை என்னும் குறை எமக்குத் தோன்றவே இல்லை. தோலின் சுருக்கமும், காதின் விரிவும், காலடியிற் கிடந்த நிழலுமே கண்ணை நிறைத்தன.

வண்ணப் படத்தில் நம் கண் முதற்கண் நிறத்தையே நாடும். ஆள்காட்டிக் குருவியின் கண்ணருகே சிவந்த சதை ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அச்சிவப்பும் இலையின் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாய்விடும். எஞ்சுவன அதன் கரிய தலையும், கரிய மார்பும், வெண்மையான வயிறுமே. ஆதலின், கரிய மார்பு வெளுத்த நிலத்தின்மீது தோன்றுமாறு படம் எடுப்போன் இடம்பார்த்து நிற்றல் வேண்டும். அது புதரின் நிழலிற் படியுமாயின் பறவை பாதி மறைந்தொழியும். இவையெல்லாம் யாம் நூல்களிற் கற்றவை. நூலிற் கல்லாதது ஒன்று உண்டு. அதனை இனிக் கூறுவோம்.

எம் ஊர்க்குளம் வற்றி, நடுவிற் சிறிதளவே நீர் எஞ்சியிருந்தது. வெடித்த கரம்பையில், கூழாங்கற்களுக்கிடையே, ஆள்காட்டியின் முட்டைகள் நான்கு கிடந்தன. யாம் அணுகியதும் தாய்ப்பறவை கூவிக்கொண்டு மேலெழுந்தது. அப்பறவை ஏறத்தாழ 35 செ.மீ. நீளமுடையது. எம் வில்லைகொண்டு 10 மீட்டர் தொலைவினின்று எடுத்தால், சுருளில் அதன் உருவம் 2 மி.மீ. அளவும் இராது. இக்கணக்கை எண்ணி, முட்டைகளினின்று இரண்டு மீட்டர் தொலைவிற் படுத்துக் காத்திருந்தோம். அப்பொழுது உச்சி வேளை. பறவை எம் தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறியதேயன்றி, இறங்கவில்லை. ‘இன்னும் சிறிது பொறுப்போம், வந்துவிடும்’ என்று அரைமணி நேரம் கிடந்தோம். அதற்குள் முட்டைகளை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் அவ்வழி வந்தார். “தம்பி, நீ இருக்கிறவரைக்கும் அது வராது. இந்த வெயிலில் முட்டை வெந்துபோகும், எழுந்து வா” என்றார். அவர் குரலிற் சினம் இல்லை. அதுவே எம்மை மிகச் சுட்டது. எழுந்து, நாற்பது அடி தள்ளிச்சென்று ஒரு பனையின் நிழலில் அமர்ந்தோம். பறவை குளத்து நீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின்மேல் அமர்ந்தது. ஈர இறகால் அவற்றைக் குளிர்வித்தற்பொருட்டு அஃது அங்ஙனம் செய்யும் என்பதைப் பின்னரே அறிந்தோம். அங்கிருந்தே ஒரு படம் எடுத்தோம்.

கழுவி வந்த படங்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். முதற்படத்தில் முட்டைகளின் புள்ளிகளையும் எண்ணலாம். ஆயினும் அது கடையிற் பரப்பிய பொருள்போற் கிடந்தது. இரண்டாவதில் பறவை ஒரு சிறு கரும்புள்ளியே. எனினும் அதனைச் சூழ்ந்து வெடித்த நிலமும், வெயிலின் வெண்மையும், நீண்ட வெறுமையும் இருந்தன. அவ்வெறுமையே அப்பறவையின் துயரையும் துணிவையும் சொல்லிற்று.

குறுந்தொகையில் ‘கணந்துள்’ என்னும் பறவை, ஆள் இருப்பதைக் கூவி உணர்த்தி வழிப்போவாரைக் காக்கின்றது. அஃது ஆள்காட்டியே என அறிஞர் சிலர் கருதுவர். அப்புலவர் பறவையைத் தனியே பிரித்துக் காட்டினாரல்லர். மலைகாட்டின் நடுவே நிறுத்தியே காட்டினார். முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் இன்றிக் கருப்பொருள் மட்டும் நின்று பயனில்லை என்பதைத் தொல்காப்பிய வகுப்பிற் பன்முறை கேட்டும், அதனைக் குளக்கரையிலேயே யாம் உணர்ந்தோம்.

பத்து நாள் கழித்துச் சென்றபொழுது முட்டைகள் அங்கில்லை. குஞ்சுகள் பொரித்து நடந்தனவோ, கீரி கவர்ந்ததோ, எம் அரைமணி நேரமே அவற்றைக் கெடுத்ததோ அறியோம். அறிய வழியும் இல்லை.

மலர்க்குழுவின் நண்பர்கள், ‘தெளிவாயிருப்பது முதற்படமே, அதனைத் தருக’ என்றனர். யாம் இரண்டாவதையே தந்தோம். அதிற் பறவை எங்கேயுள்ளது என்று தேடுவோர் சிறிது பொறுத்துத் தேடுக. அத்துணைத் தொலைவில் நிற்பதே அதற்கு யாம் செய்யத்தக்க மரியாதை.