பக்கத்து இருக்கை

இயந்திரமே இல்லாத ஒரு விமானத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழியர் சிரித்தார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் வேலை செய்யும் நானா, பழைய கிளைடர் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார். மரத்தாலான உடல், துணி போர்த்திய இறக்கை, மேல்மூடி இல்லாத முன்புறத்தில் அருகருகே இரண்டு இருக்கைகள். அன்றிலிருந்து அதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன்.

அதன் பெயர் ஸ்லிங்ஸ்பி டி-21. முதன்முதலாகப் பறந்தது 1944 இல். பிரித்தானிய விமானப்படை அதற்கு 'செட்பர்' என்று பெயரிட்டு, பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. இறக்கையின் நுனியிலிருந்து நுனி வரை ஏறத்தாழ 16.5 மீற்றர். தரையிலுள்ள வின்ச் பொறி நீண்ட கம்பியைச் சுருட்டி இழுக்க, அது பட்டம்போல் மேலெழும். 300 மீற்றர் உயரத்தில் கம்பியைக் கழற்றினால், காற்று அசையாத நாளில் சுமார் 6 கிலோமீற்றர் தூரம் சறுக்கிச் செல்லும்.

என் மனதில் நின்றது அந்த இரண்டாவது இருக்கைதான். அதற்கு முன்னர் பலர் ஒற்றை இருக்கைக் கிளைடரிலேயே பழகினார்கள். முதலில் தரையில் சறுக்கல், பிறகு சிறு துள்ளல், பிறகு சற்று உயரம். மாணவர் மேலே தனியாகத் தடுமாறும்போது ஆசிரியர் கீழே நின்று பார்க்கத்தான் முடியும். இரட்டை இருக்கையில் ஆசிரியரும் கூடவே ஏறுகிறார். இருவர் முன்னும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கோல். மாணவரின் கை பிசகினால் ஆசிரியரின் கை திருத்தும். ஆபத்து வந்தால் இருவருக்கும்தான்.

இப்படிப் பக்கத்தில் அமர்ந்து கற்பிப்பது எளிதல்ல. எப்போது கோலைத் தொடுவது, எப்போது தொடாமல் பொறுத்திருப்பது என்று ஆசிரியரும் பழக வேண்டும். பிரித்தானியாவில் அத்தகைய பயிற்றுநர்களையே பயிற்றுவித்தவர்களுள் ஒருவர் ஆன் வெல்ச் என்ற பெண்மணி. இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்று சேர்த்தவர் அவர்.

ஒருநாள் ஆசிரியர் இறங்கிவிடுவார். வெற்று இருக்கையின் பட்டிகள் கோலில் சிக்காதபடி இறுகக் கட்டப்படும். ஒருவரின் எடை குறைந்ததால் கிளைடர் வழமையைவிட வேகமாக மேலேறும். ஆசிரியர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. மாணவர் தரையிறங்கும்வரை திடலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை வாசித்தபோது எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து மாலை வகுப்புகளுக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிச் சென்று, முடியும்வரை வாசலில் காத்து நின்றவர் அவர். மொறட்டுவையில் பொறியியல் படிக்க ஆசை என்றேன். "அவ்வளவு தூரம் தனியாகவா மகள்?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. உம்மா ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பயம் எனக்கும் உண்டு. இத்தனை வருடம் பக்கத்து இருக்கையில் இருந்து அவர் கற்றுத்தந்தது என் கையில் இருக்கிறது என்பதையும் நான் அறிவேன்.

பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வரும் நாளில், அவர் தேநீர் குடிக்கும் மேசையில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பேன்.