தூரத்தை இழுக்கும் லென்ஸ்



டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமரா வைத்திருக்கும் மகள் தூர லென்ஸும் கேட்கிறாளா? கெனனில் 75-300 எம்.எம்., 55-250 எம்.எம். என இரண்டு உண்டு. 300 பெரிய எண்ணாயிற்றே என்று அவசரப்படாதீர்கள்.

லென்ஸ் நீள நீளக் கைநடுக்கமும் பெருகித் தெரியும். 250 எம்.எம்.மில் விநாடியின் 250இல் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கக் கூடாது என்பது பழைய கணக்கு. துன்ஹிந்த மரநிழலிலும் அப்புத்தளை மூடுபனியிலும் அதற்கான வெளிச்சம் ஏது? 2013இல் வந்த 55-250 எஸ்.டி.எம். லென்ஸில் நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு இருக்கிறது. 75-300 மூன்றாம் பதிப்பில் இல்லை. எடையும் 375 கிராம்தான். (முழுச்சட்டக் கெமராவுக்கு மட்டும் பொருந்தாது.) என் தெரிவு அதுவே. வீட்டு நிக்காஹ் மஜ்லிஸுக்கு இரண்டுமே சரிவராது, 18-55 போதும்.

இன்னொன்றும் உண்டு. பாதையில் நின்றபடியே, மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணை அவளறியாமல் இந்த லென்ஸ் இழுத்துவிடும். லயத்து வாசலில் தலை துவட்டுபவளையும் விடாது. வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பது விதியானதே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அறபுக் கல்லூரியில் அதை ஓதியபோது எங்கள் மனதில் வந்தது கதவிடுக்குத்தான். 250 எம்.எம்.மும் கதவிடுக்குத்தானே!

ஆகவே பசறை, ஹாலிஎலத் தோட்டங்களுக்குப் போனால் மகள் முதலில் கிட்டப் போய்ப் பேசட்டும், சம்மதித்தால் எடுக்கட்டும், பிரதியொன்றும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கொழுந்து நிறுக்கும் நேரம் தோதானது. அதற்கும் 18-55 போதும்.