அரங்கில் ஒரு தினைப்புனம்

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழுள் நிலத்தைக் கண்முன் நிறுத்த வேண்டிய கடப்பாடு நாடகத்திற்கே மிகுதி. தொல்காப்பியர் அகப்பொருளுக்கு முதற்பொருளாக வகுத்தவை நிலமும் பொழுதும் ஆகும். எங்கு நிகழ்கிறது, எப்பொழுது நிகழ்கிறது என்று நாடக ஆசிரியன் முதற்கண் வினவுவதும் இவ்விரண்டையே அன்றோ?

தீட்டிய திரையின்றியும் நிலத்தைப் படைக்கலாம் என்பதற்கு நம் தெருக்கூத்தே சான்று. மரம் ஒன்றும் வரையப்படாத வெறுங்களத்தில் கூத்தர் பாட்டாலும் அடவாலும் அடர்கானத்தை எழுப்புவர். சங்கரதாசு சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணத்திலோ தினைப்புனம் வெறும் பின்னணி அன்று. காக்கப் புனம் இல்லையேல் வள்ளி அங்கு வரக் காரணமில்லை, கதையும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் துறையின் முத்தமிழ் விழாவிற்காகக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டுச் செய்தியைக் குறுநாடகமாக எழுதிப் பயிற்றுவித்தேன். கிளியோட்டும் காட்சியில் நடித்த மாணவர், நெல் வயலில் நிற்பவர்போலக் குனிந்து கையசைத்தார். திருத்த முனைந்தேன்.

“தினைக்கதிர் எப்படி இருக்கும், ஐயா?” என்று வினவினார்.

விடை கூற இயலாது நின்றேன். 18 ஆண்டுகள் குறிஞ்சித்திணையை நடத்திய நான் தினைப்பயிரைக் கண்டதே இல்லை!

அம்மாணவர் கடற்கரை ஊரினர். “உன் ஊரில் கரைவலை இழுப்பதைச் செய்து காட்டு, தம்பி” என்றேன். மணலில் ஊன்றுவதுபோல் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்சாய்த்து, காணாக் கயிற்றை அவர் இழுத்தார். மேசைகள் நிறைந்த வகுப்பறையில் கடல் வந்து நின்றது. குறை நடிப்பில் இல்லை. என் பாடத்தில் இருந்தது.

விழாவிற்கு முன் வந்த விடுமுறையில் கொல்லிமலைக்குச் சென்றோம். மலைச்சரிவில் இடுப்பளவு உயர்ந்து, நரிவால்போல் வளைந்து தலைசாய்ந்த கதிர்களைத் தொட்டுப் பார்த்தோம். குருவிகள் வந்தமர்வதையும் ஓர் ஓசைக்கு ஒருங்கே எழுவதையும் அவர் நெடுநேரம் நோக்கியிருந்தார்.

விழாவன்று திரை ஏதும் தீட்டவில்லை. அவர் குனியவில்லை; முதலில் வானத்தையே நோக்கினார். அவையோரும் அண்ணாந்து பார்த்தனர்!

மாணவச் செல்வங்களே! ஐந்திணையை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிட்டும். நிலத்தில் கால்பட நடந்து கண்டால்தான் சொல்லுக்கு உயிர் கிட்டும். இதனை உங்களுக்குக் கூறுமுன் எனக்கே கூறிக்கொள்கிறேன்.