மாப்ளையோட 5,000 ரூபாயும் என் பீரோ ரீலும்

  

அக்கா வீடு கொடைக்கானல் நாயுடுபுரத்துல. அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். பொங்கல் காசு, தாத்தா குடுத்த காசுன்னு ரெண்டு வருஷமா சேத்து 5,000 ரூபா வச்சிருக்கான். போன மாசம் போயிருந்தப்ப, "மாமா, ஃப்ளை ஃபிஷிங் பண்ணப் போறேன். இந்த ரீலை வாங்கலாம்னு இருக்கேன்"னு செல்லுல ஒரு படத்தைக் காட்டினான். தகதகன்னு மின்னுச்சு. விலை 4,200. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னா அதே மாதிரி ஒண்ணு 2019லேர்ந்து என் பீரோவுல தூங்குது.

அந்தக் கதையை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. (தங்கமணிக்கே பாதி விலைதான் தெரியும்!) காசெல்லாம் ரீலுக்குக் கொட்டிட்டு, மீதியில கெடச்ச கம்பு, கெடச்ச கயிறுன்னு வாங்கினேன். ஏரிக்கரையில நின்னு வீசினா பத்தடி போகலை. காலடியிலயே இடியாப்பம் மாதிரி சுருண்டு விழுந்துச்சு. மறுநாள் பலமா பின்னாடி இழுத்து வீசினேன், முள்ளு போய் குதிரைக்காரர் தொப்பியில மாட்டிக்கிச்சு. அவர் சொன்னதை இங்க எழுத முடியாது. அத்தோட மூட்டை கட்டிட்டேன். எங்க தப்புன்னு புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு.

நம்ம சாதா தூண்டில்ல ஈயக்குண்டோட எடைதான் நரம்பை இழுத்துட்டுப் போகும். ஃப்ளைங்கிறது முள்ளுல கட்டின இறகு, எடையே கிடையாது. அங்க கயிறுதான் எடை. கம்புல 6னு போட்டிருந்தா 6ஆம் நம்பர் கயிறு போடணும். அதுல முதல் 30 அடி மட்டும் 160 கிரெய்ன், அதாவது 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல. அந்த எடை கம்பை வளைக்கும், வளைஞ்ச கம்பு நிமிரும்போது கயிறு பறக்கும். நான் என்ன பண்ணேன்? 6ஆம் நம்பர் கம்புல இருக்கறதுலயே மலிவான 4ஆம் நம்பர் கயிறு. கம்பு வளையவே இல்லை. ரீலா? நம்ம ஏரியில கிடைக்கிற சின்ன மீனுக்கு அது வெறும் நூல்கண்டு.

பையன்கிட்ட இதைச் சொல்லலாமா வேணாமான்னு ராத்திரி பூரா யோசனை. மாமாவுக்கு எல்லாம் தெரியும்னு நம்புற ஒரே ஜீவன் அவன்தான். காலையில காப்பி குடிக்கும்போது சொல்லிட்டேன். தொப்பி கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம் மெதுவா, "மாமா, அப்ப அந்த ரீலு?" எமகாதகன்! போயிட்டுப் போகுதுன்னு அவனுக்கே குடுத்துட்டேன்.

கம்பு 2,100. ஒன்பதடி, நாலு துண்டாக் கழட்டலாம், பஸ்ல மேல வைக்க வசதி. கயிறு 2,300, மிதக்குற ரகம், ரெண்டு முனையும் ஒரே மாதிரி சரிஞ்சு வர்றது. ஒரு பக்கம் தேஞ்சா திருப்பிப் போட்டுக்கலாம், ஒரு கயிறு காசுல ரெண்டு. முனையில கட்டுற மெல்லிய நரம்பை ரெடிமேடா வாங்கலை. 0.40 மில்லி நாலடி, 0.30 மூணடி, 0.20 ரெண்டடின்னு முடிச்சுப் போட்டுக்கிட்டோம். முள்ளும் நரம்பும் சேத்து 250. இறகு கறிக்கடையில ஓசி, நாட்டுச் சேவலோட கழுத்து இறகு. தையல் நூலால சுத்தி, அக்காவோட நெயில் பாலிஷை ஒரு சொட்டு வச்சாச்சு. (அக்கா இன்னும் தேடுறா.) ஒரு காலத்துல, நம்ம மலையில கூவுற சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து இறகுக்கு இங்கிலாந்துல சால்மன் ஃப்ளை கட்றவங்ககிட்ட அத்தனை கிராக்கி. இப்ப 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வேட்டையாடக் கூடாது. நாட்டுச் சேவலே போதும்.

ஒரு வாரம் முள்ளுக்குப் பதிலா கம்பளி நூலைக் கட்டி மைதானத்துல பழகினான். அப்புறம் மீன்வளத்துறையில கேட்டுக்கிட்டு, முள்ளோட கொக்கியைக் கட்டிங் பிளேயரால நசுக்கிட்டு ஏரிக்குப் போனோம். 1863ல லெவிஞ்ச் துரை உண்டாக்கின அதே ஏரிதான். குதிரை வராத ஓரமாப் பாத்து நின்னோம்.

பக்கத்துல ஒரு பெரியவர், வெறும் மூங்கில் கம்பு, மைதா உருண்டை. அரை மணியில மூணு கெண்டை. பையன் கேட்டான்: "தாத்தா, உங்களுக்கு ரீல் இல்லையா?"

"அது எதுக்கு தம்பி?"

பையன் என்னைப் பாத்தான். நான் ஏரியைப் பாத்தேன். (ஜப்பான்லயும் ரீலே இல்லாம ஃப்ளை போடறாங்க, டென்காரான்னு பேரு. பெரியவர்கிட்ட சொன்னேன், கண்டுக்கலை.)

மீன் ஒண்ணும் வரலை. ஆனா பதினோரு மணி வாக்குல ஒரு வீச்சு, கயிறு சுருளாம நேராப் போய் தண்ணி மேல படுத்துச்சு. முப்பதடி இருக்கும். "மாமா!"ன்னு கத்தினான் பாருங்க, படகுல போனவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

மீதி 350 இருந்துச்சு. முள்ளு கண்ணுல படாம இருக்க 200 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி அவனுக்கு. எனக்கு சுட்ட சோளம். அதுவும் அவன் காசுதான் :-)